ஏற்றத்தில் கைவிடாத செல்: மலையகத்தில் மின்வண்டிக்கு லித்தியம் பேட்டரி பார்த்து வாங்கும் முறை

2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது ஆட்டோவுக்குக் கிடைத்தது வாரம் 5 லீட்டர். அதை வைத்துக்கொண்டு ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் எத்தனை ஹயர் ஓட முடியும் என்று ஸ்டாண்டில் நின்றவர்களுக்குத் தெரியும். அப்போது தொடங்கிய மின்வண்டிப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆட்டோவையோ ஸ்கூட்டரையோ மின்சாரத்துக்கு மாற்ற நினைக்கிற எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: எந்த செல்லை வாங்குவது, அது நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கட்டுரை அதைப் பற்றி மட்டும்தான். மோட்டாரும் கன்ட்ரோலரும் வேறொரு கதை. எஞ்சினை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பெற்றோல் என்று எழுதியிருக்கும் வண்டி மின்சாரத்தில் ஓடி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை சமதரையில் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்கு முதல் கேள்வி செல் எத்தனை ஆம்பியர்-மணி கொள்ளும் என்பது. நமக்கு அது இரண்டாவது கேள்வி. கம்பளையைத் தாண்டி மேலே ஏறுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த செல் இழுவையைத் தாங்குமா என்பதைத்தான்.

முதலில் ஏற்றத்தின் கணக்கு

பதுளை ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். பண்டாரவளை சுமார் 1225. வித்தியாசம் 570 மீட்டருக்குப் பக்கம். ஆட்டோ, பேட்டரி, சாரதி, இரண்டு பயணிகள், கொஞ்சம் சாமான் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 570 மீட்டர் மேலே தூக்க மட்டும் சுமார் 930 வாட்-மணி வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது 1.2 கிலோவாட்-மணி. சக்கரத்தின் உராய்வும் காற்றும் கேட்பது இதற்கு மேலே தனி. 100 ஆம்பியர்-மணி செல் 16ஐத் தொடராகக் கட்டினால் 51.2 வோல்ட், 5.12 கிலோவாட்-மணி. அதில் கால்வாசிக்குக் கிட்ட உயரத்துக்கே போய்விடுகிறது.

இது பரவாயில்லை, கொஞ்சம் பெரிய பேட்டரி போட்டால் தீரும். தொல்லை தருவது ஆம்பியர். இதே வண்டி சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக 25 முதல் 30 ஆம்பியர் போதும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 95 ஆம்பியர் வரை இழுக்கும். தோட்டத்துப் பாதைகளில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் எத்தனையோ உண்டு.

100 ஆம்பியர்-மணி செல்லை ஒரு மணி நேரத்தில் காலியாக்கும் வேகத்தை 1சி என்பார்கள். இரண்டு மணி நேரத்தில் காலியாக்கினால் 0.5சி. ஆக, சமதரை ஆட்டோவின் பேட்டரி 0.3சியில் சொகுசாக இருக்கிறது. நம்முடைய பேட்டரி ஒவ்வொரு ஏற்றத்திலும் 1சியைத் தொடுகிறது. பீலித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் குழாய் ஒடுங்கியிருந்தால் குடம் நிறைய நேரமெடுக்கும் இல்லையா, செல்லில் அந்த ஒடுக்கத்துக்குப் பெயர் உள்மின்தடை. அதை மில்லிஓமில் அளக்கிறோம்.

இழுவையின்போது 1.2 மில்லிஓம் உள்ள செல் 95 ஆம்பியரில் 0.11 வோல்ட் இறங்கும். தேய்ந்துபோய் 4 மில்லிஓம் ஆகிவிட்ட செல் 0.38 வோல்ட் இறங்கும். நுவரெலியாவில் விடியற்காலைக் குளிரில் தடை இன்னும் கூடும். அது ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் இறக்கம் 0.57. கால்வாசி சார்ஜ் மீதமிருந்து ஓய்வில் 3.2 வோல்ட் காட்டும் செல், ஏற்றத்தில் 2.63க்கு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் சார்ஜ் குறைந்தால் 2.5ஐத் தொடும். அந்த இடத்தில் பிஎம்எஸ், அதாவது ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை, மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும், ஆனால் வண்டி றம்பொடை வளைவில் பயணிகளோடு நிற்கும். 16 செல்லில் 15 நன்றாக இருந்து ஒன்று மட்டும் இப்படி இருந்தாலும் இதே கதிதான்.

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது

புதிதாக வாங்குவதானால் லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை, சுருக்கமாக எல்எஃப்பி. பெயரளவு 3.2 வோல்ட், நிறையும்போது 3.65, காலியாகும்போது 2.5. மற்றது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி. பெயரளவு 3.6 அல்லது 3.7, நிறையும்போது 4.2. ஒரே எடைக்கு என்எம்சியில் சக்தி அதிகம், ஆனால் தீப்பிடித்தால் அதன் மூர்க்கமும் அதிகம். லயத்தில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றே: எல்எஃப்பி. பக்கத்துக் காம்பரா ஒரு சுவர் தள்ளித்தான் இருக்கிறது, கூரை எல்லாருக்கும் பொது. பத்துக் கிலோ எடை கூடினால் கூடட்டும்.

எல்எஃப்பியிலும் ஒரு பொறி உண்டு. வீட்டுச் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கவென்றே செய்யப்படும் பெரிய செவ்வகச் செல்கள் கொழும்பில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல 0.5சி வேகத்துக்காக வடிவமைத்தவை. 280 ஆம்பியர்-மணி செல் என்றால் 0.5சி என்பதே 140 ஆம்பியர், ஆட்டோவுக்குத் தாராளம், ஆனால் 16 செல்லின் எடையும் இடமும் ஆட்டோவுக்குள் அடங்காது. அதே குடும்பத்தின் 100 ஆம்பியர்-மணி செல்லை வாங்கினால் எடை சரியாக வரும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். செல்லின் விவரத்தாளில் 'தொடர் வெளியேற்ற மின்னோட்டம்' என்ற வரியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சில வினாடிகளுக்கான உச்ச எண்ணைக் காட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது அந்தத் தொடர் எண்தான்.

பழைய சாமான் பக்கம் போனால், நம் நாட்டில் முதலில் பேச வேண்டியது நிசான் லீஃப் மின்காரின் பேட்டரி. 24 கிலோவாட்-மணி லீஃபில் 48 மொடியூல்கள், ஒவ்வொன்றிலும் 4 செல்கள், மொடியூல் ஒன்று ஏழரை வோல்ட் போல. 7 மொடியூலைத் தொடராகக் கட்டினால் 52 வோல்ட், எடை 27 கிலோவுக்குள். புதிதில் அது 3.5 கிலோவாட்-மணி. எழுபது சதவீதத்துக்குத் தேய்ந்திருந்தால் இரண்டரையை ஒட்டி. அந்தக் காரில் 80 கிலோவாட் மோட்டாரை இழுத்த செல் என்பதால் ஆம்பியர் கொடுப்பதில் அதற்குப் பயமில்லை. குறை என்னவென்றால் லீஃப் பேட்டரியைக் குளிர்விக்க எந்த ஏற்பாடும் கிடையாது, வெப்பத்தில் வேகமாகத் தேயும். கொழும்பு வெயிலில் பல வருடம் கிடந்த காரின் மொடியூலுக்கும் கண்டிப் பக்கம் ஓடிய காரின் மொடியூலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம். பேட்டரி இன்னும் காரிலேயே இருந்தால், கடைக்காரரிடம் சொல்லி லீஃப்ஸ்பை செயலியில் ஆரோக்கிய சதவீதத்தைப் பார்த்துவிடுங்கள். கழற்றாத முழு லீஃப் பேட்டரியைத் தயவுசெய்து நீங்கள் திறக்க வேண்டாம். அதற்குள் 350 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கிறது, ஒரு தடவை பிடித்தால் போதும். கழற்றிய மொடியூலை மட்டும் வாங்குங்கள்.

'ஹைபிரிட் பேட்டரி' என்று சொல்லி விற்பவர்களிடம் கவனம். இங்கே அதிகம் ஓடும் முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். அது லித்தியமே இல்லை, அதன் சார்ஜ் முறையும் வேறு. ஹொண்டா வெசல் லித்தியம்தான், ஆனால் முழுப் பேட்டரியும் ஒரு கிலோவாட்-மணிக்குள். ஏற்றத்தில் குதிரை மாதிரி இழுக்கும், ஆனால் பதுளையிலிருந்து பண்டாரவளை போய்ச் சேராது.

உருளையான 18650 செல்களைப் பற்றி ஒரு பத்தி போதும். உறையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் பொய். அந்த அளவுக் குழாயில் மூவாயிரத்து ஐநூறை ஒட்டித்தான் கொள்ளும். நல்ல செல் 45 கிராம் போல நிறுக்கும், நகைக்கடைத் தராசில் வைத்தால் போலி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அசல் கிடைத்தாலும் ஆட்டோவுக்கு 400க்கு மேல் வேண்டும். அத்தனை வெல்டும் தோட்டத்துக் கல்பாதையில் குலுங்கும். ஸ்கூட்டருக்கோ சைக்கிளுக்கோ சரி, ஆட்டோவுக்கு வேண்டாம்.

தொடுவதற்கு முன்

மோதிரம், காப்பு, தாலிக்கொடி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வையுங்கள். ஒரு செல்லின் இரண்டு முனையையும் மோதிரம் தொட்டால் அது சிவந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனரின் பிடியை இன்சுலேஷன் டேப்பால் முழுதாகச் சுற்றுங்கள். சோதனையை வீட்டுக்குள் செய்யாமல் இஸ்தோப்பிலோ கராஜிலோ செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நிறையத் தண்ணீர் எடுக்க வழியும் இருக்கட்டும். பேட்டரித் தீயை அடக்குவது குளிர்ச்சிதான், அதற்குத் தண்ணீர்தான் வழி. ஆனால் மின்சார இணைப்பைத் துண்டித்த பிறகு, தள்ளி நின்று. புகை வரத் தொடங்கினால் மூச்சில் ஏற விடாதீர்கள், ஆட்களை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கருவிகளில், வோல்ட்டை மூன்று தசம இடம் வரை காட்டும் மல்டிமீட்டர், நேர்மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) வைத்த ஆம்பியர்-மணி மீட்டர் ஒன்று, நான்கு கம்பி உள்மின்தடை மீட்டர் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத் தனியாக வாங்க மனமில்லை என்றால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம், தினமும் தேவைப்படும் சாமான் இல்லை. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்து செல்லைத் தொடாதீர்கள், மீட்டர்தான் போகும்.

படி 1: கடையிலேயே கண்ணால் பார்ப்பது

செவ்வகச் செல்லைச் சமமான கண்ணாடி மேசையில் படுக்க வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் வயிறு ஊதியிருக்கிறது. வேர்னியர் இருந்தால் நடுவிலும் ஓரத்திலும் தடிப்பை அளந்து ஒப்பிடுங்கள். முனைகளை உற்றுப் பாருங்கள்: வெல்ட் செய்த தழும்பை ராவி எடுத்த கோடுகள் தெரிந்தால் அது ஏதோ ஒரு பேட்டரியில் இருந்து கழற்றியது. புதிது என்று சொல்லி விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். உறையில் லேசரால் பொறித்த கியூஆர் சுரண்டப்பட்டிருந்தாலும் அப்படியே. நீல உறை பளபளவென்று புதிதாக இருந்து முனை மட்டும் கறுத்திருப்பது இன்னொரு அடையாளம். காற்றோட்டத் துளையின் மூடியைச் சுற்றி ஈரமோ இனிப்பான இரசாயன மணமோ இருந்தால் அதைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, கண்டியில் வாங்கினாலும் சரி, மலிவு என்பதற்காகப் பெட்டியோடு மொத்தமாக எடுக்காதீர்கள். 16 வேண்டுமென்றால் 18 வாங்கும் பேரத்தைப் பேசுங்கள். கழித்துப் போட இரண்டு வேண்டும்.

படி 2: ஓய்வு வோல்ட்

ஒவ்வொரு செல்லிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள். ஒரு நோட்டில் எண், வோல்ட், திகதி. புதிய எல்எஃப்பி செல்கள் தொழிற்சாலையில் இருந்து அரைகுறைச் சார்ஜில் வரும், 3.28 முதல் 3.30 வரை காட்டும். ஒரே பெட்டியில் வந்தவற்றுக்குள் சில மில்லிவோல்ட்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அது உள்ளுக்குள்ளே கசிகிறது என்று சந்தேகப்படலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல் வேண்டவே வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷோர்ட் ஆக்கலாம். 'சார்ஜ் போட்டால் எழும்பிவிடும்' என்பார்கள். எழும்பும், அதுதான் ஆபத்து.

இதற்கு மேல் வோல்ட்டிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எல்எஃப்பி இருபது சதவீதத்திலும் தொண்ணூறு சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். மல்டிமீட்டரை வைத்துவிட்டு 'எல்லாம் 3.3, எல்லாம் நல்லது' என்று சொல்லும் கடைக்காரர் எதையும் சோதித்துக் காட்டவில்லை.

படி 3: உள்மின்தடை

நான்கு கம்பி மீட்டரின் ஊசிகளை முனையின் உலோகத்தில் நேராக, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வையுங்கள். பஸ்பாரிலோ (செல்களை இணைக்கும் உலோகத் தகடு) நட்டிலோ வைத்தால் அவற்றின் தடையும் சேர்ந்துவரும். 100 ஆம்பியர்-மணி புதிய எல்எஃப்பி செல் பெரும்பாலும் அரை மில்லிஓமை ஒட்டிக் காட்டும். சரியான எண் விவரத்தாளில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு காட்டுவதைத் தனியே வையுங்கள்.

எல்லாச் செல்லையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வைத்து அளக்க வேண்டும். காலையில் 10 பாகையில் பாதியையும் பகலில் 20 பாகையில் மீதியையும் அளந்தால் காலையில் அளந்தவை எல்லாம் கெட்ட செல் மாதிரித் தெரியும். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துவிடுங்கள். இந்த மீட்டர் காட்டுவது சின்ன அலைமின்சாரத்தில் எடுத்த எண். உண்மையான இழுவையில் தடை இதைவிட அதிகமாகத்தான் வரும். அதற்குத்தான் ஐந்தாவது படி.

படி 4: எவ்வளவு கொள்ளும்?

ஒற்றைச் செல்லாகச் சோதிக்கும் கருவிகள் உண்டு, ஆனால் பெரிய செல்லுக்கு ஏற்ற கருவி விலை கூடியது. நம்மூரில் சுலபமான வழி நான்கு செல்லைத் தொடராகக் கட்டி 12.8 வோல்ட் ஆக்குவது. அப்புறம் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்ப் நான்கைப் பக்கவாட்டில் (பேரலலாக) கட்டினால் 18 ஆம்பியர் போல இழுக்கும். பல்ப் நன்றாகச் சுடும், செங்கல் மேல் வையுங்கள்.

முதலில் நான்கும் முழுதாக நிறைய வேண்டும். பிஎம்எஸ் போட்டுத் தொடராகச் சார்ஜ் செய்து, பெரும்பாலும் நிறைந்த பிறகு பிரித்து, நான்கையும் பக்கவாட்டில் இணைத்து 3.65 வோல்ட்டில் வைத்த பவர் சப்ளையால் மீதியை நிரப்புங்கள். பக்கவாட்டில் இணைக்கும் முன்பு எல்லாம் ஒரே வோல்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்சாரம் பாய்ந்துவிடும். சப்ளையின் வோல்ட்டை செல்லில் மாட்டுவதற்கு முன்பே அளந்து வைத்துவிடுங்கள், மாட்டிய பிறகு திருகுகிற வேலை வேண்டாம். மின்னோட்டம் 5 ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆற விடுங்கள்.

பிறகு மீட்டரைப் பூச்சியத்தில் வைத்துப் பல்பை எரியவிடுங்கள். 100 ஆம்பியர்-மணிக்கு ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். முதல் நான்கு மணி நேரத்தில் எதுவும் நடக்காது, வோல்ட் நகரவே நகராது. அதற்குப் பிறகு பக்கத்தை விட்டு அசையாதீர்கள், கடைசியில் விறுவிறுவென்று விழும். முதலாவது செல் 2.5ஐத் தொட்டதும் பல்பை அணைத்து, மீட்டரில் உள்ள எண்ணை அந்தச் செல்லின் பக்கத்தில் எழுதுங்கள். அதைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றையும் இணைத்துத் தொடருங்கள். பல்ப் மங்கலாக எரியும், ஆனால் ஆம்பியர்-மணிக் கணக்கு அதே மீட்டரில் தொடர்ந்து ஓடும். அடுத்தது விழும்போது அதை எழுதுங்கள். ஒரே நாளில் நான்கு செல்லின் கணக்கும் கிடைத்துவிடும்.

புதிது என்று விற்ற 100 ஆம்பியர்-மணி செல் 100க்கு மேலே கொடுக்க வேண்டும். 95 என்றால் இரண்டாம் தரம், அதற்கேற்ற விலையைக் கேளுங்கள். பழைய செல்லில் 80க்குக் கீழே இருப்பதை ஆட்டோவுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

படி 5: ஹீட்டர் சோதனை

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், மலைக்கு இதுதான் முக்கியம். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் ரூம் ஹீட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. விசிறி இல்லாத, கம்பி சிவக்கும் 1000 வாட் வகை ஒன்றை எடுங்கள். கூடவே 12 வோல்ட், 1500 வாட் இன்வர்ட்டர். நான்கு செல் தொடரை இன்வர்ட்டரில் மாட்டி ஹீட்டரைப் போட்டால் செல்லிலிருந்து 90 ஆம்பியர் அளவில் இழுக்கும். ஆட்டோ ஏற்றத்தில் இழுப்பது கிட்டத்தட்ட அதேதான். வயரும் லக்கும் தடிப்பாக இருக்கட்டும், 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இன்வர்ட்டரின் மறுபக்கம் 230 வோல்ட் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஹீட்டரைப் போடும் முன்பு ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் எழுதுங்கள். போட்டு 10 வினாடி கழித்து மறுபடி. வித்தியாசத்தைக் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரால் வகுத்தால் உண்மையான தடை வந்துவிடும். 3.30 இருந்தது 90 ஆம்பியரில் 3.19 ஆனால், 0.11ஐ 90ஆல் வகுக்க 1.2 மில்லிஓம், நல்ல செல். 2.95 ஆனால் 3.9 மில்லிஓம். அந்தச் செல்லை வீட்டு லைட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏற்றத்துக்கு வேண்டாம்.

10 நிமிடம் ஓடவிட்டுச் செல்லின் பக்கவாட்டுச் சூட்டை அளந்து பாருங்கள். இரண்டு கிலோ எடையுள்ள நல்ல செல் மூன்று பாகை போல ஏறும். 4 மில்லிஓம் செல் பத்துப் பாகை ஏறும். முனை மட்டும் சுட்டு உடம்பு குளிர்ந்திருந்தால் செல்லில் பிழை இல்லை, இணைப்புச் சரியில்லை.

விடியற்காலையில் இறங்கும் பால் வண்டி, மரக்கறி வண்டி வைத்திருப்பவர்கள் இதே சோதனையைக் காலை ஆறு மணிக்கு வெளியில் வைத்து ஒரு தடவை செய்யுங்கள். பகலில் தேறியது காலையில் தேறாமல் போவதுண்டு. சார்ஜ் விஷயத்தில் குளிர் இன்னும் கறாரானது. பூச்சியத்துக்குக் கீழே லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றவே கூடாது, லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லில் உறைபனி விழும் சில விடியல்களுக்கு இது பொருந்தும். இரவு வந்ததும் செல் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

படி 6: சும்மா விட்டு வைப்பது

காலியாகும் தறுவாயில், 3 வோல்ட் பக்கத்தில் செல்லை வைத்து, ஒரு நாள் ஆறவிட்டு வோல்ட்டை எழுதுங்கள். இரண்டு வாரம் தொடாதீர்கள். நல்லவை எல்லாம் சில மில்லிவோல்ட்தான் அசைந்திருக்கும். ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டு நன்றாக இறங்கியிருந்தால் அது கசிகிற செல், கழியுங்கள். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. பிறகு பிஎம்எஸ் ஒவ்வொரு வாரமும் ஏன் சமன்செய்துகொண்டே இருக்கிறது என்று கேட்பார்கள்.

சேர்த்துக் கட்டுவது

நோட்டில் இப்போது ஒவ்வொரு செல்லுக்கும் கொள்ளளவு, இழுவைத் தடை, கசிவு மூன்றும் இருக்கிறது. தொடரில் பலவீனமான செல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆகவே 108, 107, 107, 92 என்று கலப்பதைவிட எல்லாம் 100 என்று இருப்பது மேல். கொள்ளளவில் இரண்டு சதவீதம், தடையில் பத்துச் சதவீதம் என்ற எல்லைக்குள் பொறுக்குங்கள். பழைய செல்லோடு புதியதைக் கலக்காதீர்கள்.

பிஎம்எஸ் 150 ஆம்பியராவது தொடர்ந்து தாங்க வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் சும்மா விடாது. பெட்டியை முழுதாக அடைத்தால் உள்ளே வியர்த்து அலுமினிய முனையில் வெள்ளையாகப் பூக்கும். கீழ்ப்பக்கம் நீர் வடியவும் மூச்சுவிடவும் ஒரு வழி வேண்டும், சக்கரத் தண்ணீர் அடிக்காத இடத்தில்.

சார்ஜருக்கும் கணக்குப் பாருங்கள். 58.4 வோல்ட், 10 ஆம்பியர் சார்ஜர் 230 வோல்ட் பக்கம் மூன்று ஆம்பியருக்குள்தான் எடுக்கும், லயத்து 5 ஆம்பியர் பிளக்குக்குப் போதும். 30 ஆம்பியர் சார்ஜர் எட்டு, ஒன்பது ஆம்பியர் எடுக்கும். அதற்கு வயர்மேனைக் கூட்டித் தனி வயர் இழுக்காமல் மாட்டக் கூடாது.

மேலே வீடு, கீழே டவுன் என்றிருப்பவர்களுக்கு இன்னொன்று. பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருக்க, இறக்கத்தில் மோட்டார் பிரேக் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. பிஎம்எஸ் சார்ஜைத் துண்டிக்கும், அந்தக் கணமே மோட்டார் பிரேக்கும் போய்விடும். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திப் பழகுங்கள். செல்களைச் சமன்செய்ய வாரம் ஒரு முறை முழுதாக நிரப்பும் நாளில், கொஞ்ச தூரம் மேட்டிலோ சமதரையிலோ ஓடிவிட்டு இறங்குங்கள். கால் பிரேக் எப்போதும் முழு வண்டியையும் நிறுத்தும் நிலையில் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, தனியாக ஏறிப் பாருங்கள். அப்புறம் மூன்று பேரோடு. பிஎம்எஸ் செயலியை ஒருவர் கையில் கொடுத்து, ஏறும்போது ஆக உயர்ந்த செல்லுக்கும் ஆகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஹயருக்கு இறங்கலாம். அதற்கு மேலே போனால் தாழ்ந்த செல்லின் எண்ணை எழுதிக்கொண்டு நோட்டைப் பாருங்கள். ஹீட்டர் சோதனையில் அந்த எண் நன்றாகத் தேறியிருந்தால் செல்லைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் அதன் இரண்டு பக்க பஸ்பார் நட்டுகளையும் இறுக்கி, முனையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். பல தடவை தளர்ந்த நட்டுத்தான் செல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறது.